போருக்குப் பிந்தைய ஐரோப்பாவை வகுப்பில் நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவை அங்குள்ள ஒவ்வொரு நாடும் தன் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு விதமாகச் சொல்லிக் கொடுக்கிறது. அந்த வேறுபாட்டையே பாடமாக எடுத்துக்கொள்ளும் முறை அங்கே ஐம்பது அறுபது ஆண்டுகளாகப் பழகிவருகிறது. அது பற்றி வரலாற்று ஆசிரியர்களும் பி.எட். மாணவர்களும் ஐரோப்பாவில் பிள்ளை வளர்க்கும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் உண்மை என்று ஒன்று உண்டா என்ற கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

"போருக்குப் பிந்தைய" என்றால் எந்த ஆண்டிலிருந்து?

1945 மே என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த மே மாதத்திலேயே சிக்கல் ஆரம்பிக்கிறது. ஜெர்மனியின் சரணடைவுப் பத்திரம் முதலில் மே 7 அதிகாலை பிரான்சின் ரேம்ஸ் நகரில் கையெழுத்தானது. ஸ்டாலினுக்கு அது போதவில்லை. பெர்லினைப் பிடித்தது சோவியத் படை, ஆகவே கையெழுத்தும் பெர்லினில்தான் என்றார். கார்ல்ஸ்ஹோர்ஸ்டில் மே 8 பின்னிரவில் மறுபடி கையெழுத்தானபோது மாஸ்கோ கடிகாரத்தில் மே 9 பிறந்துவிட்டது. மேற்கு ஐரோப்பாவில் வெற்றி நாள் மே 8 ஆகவும் ரஷ்யாவில் மே 9 ஆகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். போலந்து நெடுங்காலம் 9-ஐக் கொண்டாடிவிட்டு 2015-ல் 8-க்கு மாறியது. உக்ரைன் 2023-ல் மாறியது. யார் பக்கம் நிற்கிறோம் என்று காட்ட ஒரு நாள் வித்தியாசமே போதுமாக இருக்கிறது.

முடிவு என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் இதே கதைதான். கிரேக்கத்தில் உள்நாட்டுப் போர் 1949 வரை நடந்தது. ஸ்பெயினில் ஃபிராங்கோ 1975 நவம்பரில் சாகும்வரை பதவியில் இருந்தார். அங்கே 1945 ஒரு திருப்பமே இல்லை. லாத்வியாவிலோ எஸ்தோனியாவிலோ போய்க் கேட்டால், ஒரு ஆக்கிரமிப்பு போய் இன்னொன்று வந்தது, கடைசி ரஷ்யப் படை 1994 ஆகஸ்டில்தான் கிளம்பியது என்பார்கள். பாடத்தை இந்தத் தேதிக் குழப்பத்திலிருந்தே தொடங்கலாம். மாணவர்களுக்கு உடனே ஆர்வம் வந்துவிடும்.

ஒரே நிகழ்வு வெவ்வேறு நாடுகளில் எப்படி மாறும்? ஒரு எடுத்துக்காட்டு சொல்லுங்கள்.

ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். 1970 டிசம்பர் 7, வார்சா. யூதக் குடியிருப்பின் கிளர்ச்சி வீரர்களுக்கான நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைக்க மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட் வருகிறார். நாடாவைச் சரிசெய்கிறார், ஒரு அடி பின்னால் நகர்கிறார், திடீரென்று ஈரத் தரையில் மண்டியிடுகிறார். கைகள் முன்னால் கோத்திருக்கின்றன, தலை லேசாகக் குனிந்திருக்கிறது. சுற்றிலும் கேமராக்கள்.

இன்று ஜெர்மன் பாடநூல்களில் இந்தப் படம் கிட்டத்தட்ட ஒரு சின்னம். ஒரு தேசம் தன் குற்றத்தை ஏற்றுக்கொண்ட தருணம் என்று மாணவர்கள் படிக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு 'டேர் ஸ்பீகல்' இதழ் எடுத்த கருத்துக்கணிப்பில் 48 சதவீதம் மேற்கு ஜெர்மானியர்கள் இது மிகை என்றார்கள்; 41 சதவீதம்தான் பொருத்தம் என்றார்கள். போலந்தில் அன்றைய கம்யூனிஸ்ட் அரசின் பத்திரிகைகள் படத்தைப் பெரும்பாலும் வெளியிடவே இல்லை. ஜெர்மானியர்கள் பழிவாங்கத் துடிப்பவர்கள் என்று தினமும் எழுதிவந்த அரசுக்கு, மண்டியிடும் ஜெர்மானியரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னொரு சங்கடமும் இருந்தது. இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1968-ல், அதே அரசு யூத எதிர்ப்புப் பிரசாரம் நடத்திப் பல்லாயிரம் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற வைத்திருந்தது. யூதர்களின் நினைவுச் சின்னத்தின் முன் மண்டியிட்ட படம் அங்கே வேறு ஞாபகங்களையும் கிளறும்.

இதோடு பிராண்டின் சொந்தக் கதையும் சேர்கிறது. அவர் ஹிட்லருக்குத் தப்பி நார்வேக்கு ஓடியவர். மண்டியிட வேண்டிய அவசியம் தனிப்பட்ட முறையில் அவருக்கு இல்லவே இல்லை. அதே படம், அதே நாள். மேற்கு ஜெர்மனி 1970, இன்றைய ஜெர்மனி, போலந்து 1970 என்று மூன்று வாசிப்புகள். ஆகவே பார்வை மாறுவது எல்லை தாண்டினால் மட்டும் அல்ல, காலம் தாண்டினாலும்தான். 'ஜெர்மானியப் பார்வை' என்று ஒன்று நிலையாக இருப்பதுபோலப் பேசும் பாடத்திட்டங்கள் சறுக்குவது இங்கேதான்.

பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்தே ஒரு பாடநூல் எழுதினவாமே?

ஆம். இரு நாட்டு நட்புக்கு அடித்தளமான எலிசே ஒப்பந்தம் 1963-ல் கையெழுத்தானது. அதன் நாற்பதாம் ஆண்டையொட்டி 2003 ஜனவரியில் இரு நாட்டு மாணவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பெர்லினில் ஒரு இளையோர் மன்றமாகக் கூடினார்கள். பொதுவான வரலாற்றுப் புத்தகம் வேண்டும் என்று கேட்டது அவர்கள்தான். மூன்று ஆண்டுகளில் புத்தகம் வந்துவிட்டது. பிரான்சில் நாதான், ஜெர்மனியில் கிளெட் என்ற பதிப்பகங்கள் வெளியிட்டன. மொழி மட்டும் வேறு, பக்க அமைப்பு உட்பட எல்லாம் ஒன்று. முதலில் வந்த தொகுதி 1945-க்குப் பிந்தைய ஐரோப்பாவையும் உலகையும் பற்றியது (2006). 1815 முதல் 1945 வரை உள்ளது 2008-லும், பழங்காலத்திலிருந்து 1815 வரை உள்ளது 2011-லும் வந்தன. காலவரிசைக்கு நேர் எதிராக, அண்மைக் காலத்தில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போனார்கள்.

இது வானத்திலிருந்து குதித்த யோசனை அல்ல. இரு நாட்டு வரலாற்று ஆசிரியர்கள் 1935-லேயே பாரிசில் கூடிச் சச்சரவான விஷயங்களில் நாற்பது முடிவுகளை எழுதிவைத்தார்கள். நாஜி ஆட்சியில் அது எடுபடவில்லை. போர் முடிந்ததும் 1951-ல் மறுபடி உட்கார்ந்து அதே வேலையைச் செய்தார்கள். அதே 1951-ல் பிரவுன்ஷ்வைக் நகரில் கேயோர்க் எக்கர்ட் என்ற வரலாற்றாசிரியர் பாடநூல்களைத் திருத்துவதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. உலகெங்குமுள்ள பாடநூல்களைச் சேர்த்துவைத்திருக்கும் அதன் நூலகம் இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு யாத்திரைத் தலம்.

எழுதும்போது சண்டை வந்திருக்குமே? முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தம் பற்றியா, ஹிட்லர் பற்றியா?

இரண்டும் இல்லை. போரைப் பற்றி இரு தரப்பு வரலாற்றாசிரியர்களும் பெரும்பாலும் ஒத்துப்போய்விட்டார்கள். தகராறு வந்தது அமெரிக்காவைப் பற்றி. மேற்கு ஜெர்மானியருக்கு அமெரிக்கா என்றால் 1948–49-ல் பட்டினி கிடந்த மேற்கு பெர்லினுக்கு விமானத்தில் மாவும் நிலக்கரியும் கொண்டுவந்து இறக்கிய நாடு. பிரெஞ்சுக்காரருக்கு, 1966-ல் நேட்டோவின் ராணுவக் கட்டமைப்பிலிருந்து டி கால் விலகியதற்குக் காரணமான நாடு. கம்யூனிசத்தை என்ன சொல்வது என்பதிலும் பார்வை வேறுபட்டது. பிரான்சில் கம்யூனிஸ்ட் கட்சி நாஜி எதிர்ப்பில் ரத்தம் சிந்திய கட்சி, போருக்குப் பின் தேர்தலில் நாலில் ஒரு பங்கு வாக்கு வாங்கிய கட்சி. ஜெர்மனியில் அந்தச் சொல்லைக் கேட்டால் நினைவுக்கு வருவது பெர்லின் சுவர்.

நடத்தும் முறையிலும் இழுபறிதான். பிரெஞ்சு பாணியில் பாடம் அடர்த்தியாக, முடிவான வாக்கியங்களில் இருக்கும். ஜெர்மன் பாணியில் மூல ஆவணத்தைக் கொடுத்து, இதை எழுதியவர் யார், ஏன் எழுதினார், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பார்கள். சமரசமாக, இரு நாடுகளும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைத் தனியாக எடுத்துச் சொல்லும் பகுதிகளை அத்தியாயங்களில் சேர்த்தார்கள். புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். கருத்து வேறுபாட்டை மெழுகி மறைக்காமல் அச்சிலேயே விட்டுவைக்க ஒரு அரசுப் பாடநூலுக்குத் துணிச்சல் வேண்டும்.

அவ்வளவு நல்ல புத்தகம் என்றால் ஏன் எல்லாப் பள்ளியிலும் இல்லை?

ஜெர்மனியில் கல்வி 16 மாநிலங்களின் கையில். 16 பாடத்திட்டங்களுக்கும் பிரெஞ்சுப் பாடத்திட்டத்துக்கும் ஒரே புத்தகம் பொருந்துவது நடக்கிற காரியமா? போதாக்குறைக்கு பிரான்ஸ் 2010 வாக்கில் மேல்நிலைப் பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டது. இருமொழி வகுப்புகளைத் தாண்டிப் புத்தகம் பெரிதாகப் பரவவில்லை. நல்ல நோக்கத்தைவிடப் பாடத்திட்டத்துக்குத்தான் பலம் அதிகம் என்பது எந்த ஊர் ஆசிரியருக்கும் தெரிந்ததே.

ஜெர்மனியும் போலந்தும்? அங்கே காயம் இன்னும் ஆழமல்லவா?

ஆழம் மட்டுமல்ல, பேசவே முடியாத விஷயங்கள் இரு பக்கமும் இருந்தன. 1945 பொட்ஸ்டாம் மாநாட்டில் போலந்தின் வரைபடத்தையே மேற்கே நகர்த்தினார்கள். கிழக்கில் இழந்த ல்வீவ் போன்ற ஊர்களிலிருந்து வந்த போலந்துக்காரர்கள், மேற்கில் பிரெஸ்லாவ் என்ற ஜெர்மன் நகரத்தில் குடியேறினார்கள். அது வ்ரோத்ஸ்வாஃப் ஆனது. கிழக்கு, மத்திய ஐரோப்பா முழுவதையும் சேர்த்தால் சுமார் 1 கோடியே 20 லட்சம் ஜெர்மானியர்கள் ஓடினார்கள் அல்லது விரட்டப்பட்டார்கள். ஜெர்மன் வீட்டில் இது பாட்டியின் கண்ணீர். போலந்து வீட்டில் இது அறுபது லட்சம் குடிமக்களைக் கொன்ற போரைத் தொடங்கியவர்களுக்கு வந்த விளைவு. இரண்டும் ஒரே வகுப்பறையில் எப்படி உட்காரும்?

யுனெஸ்கோவின் ஆதரவில் 1972-ல் இரு நாட்டுப் பாடநூல் ஆணையம் ஒன்று அமைந்தது. பனிப்போரின் நடுவில், ஒரு பக்கம் கம்யூனிஸ்ட் அரசு, இன்னொரு பக்கம் ஜனநாயகம் என்று இருந்தும் 1976-ல் பரிந்துரைகளை வெளியிட்டார்கள். மேற்கு ஜெர்மனியில் விரட்டப்பட்டோர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. அவர்களின் கோபத்தில் ஒரு நியாயமும் இருந்தது. 1939-ன் ஹிட்லர்–ஸ்டாலின் ஒப்பந்தம் பற்றிப் பரிந்துரைகள் வாய் திறக்கவில்லை. போலந்து அதிகாரிகளைச் சோவியத் போலீஸ் சுட்டுக் கொன்ற கத்தின் படுகொலையும் இல்லை. மாஸ்கோவின் நிழலில் உட்கார்ந்திருந்த போலந்து அறிஞர்களால் அதைச் சொல்லியிருக்க முடியாது. அந்த மௌனத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு, பேச முடிந்ததைப் பேசினார்கள். அது சரியா என்று இன்றும் விவாதிக்கலாம். நான் சரி என்ற பக்கம். அன்று மேசையைவிட்டு எழுந்து போயிருந்தால், 2016 முதல் 2020 வரை நான்கு தொகுதிகளாக வந்த ஜெர்மன்–போலந்துப் பொதுப் பாடநூலுக்கு ஆள் கிடைத்திருக்காது.

ஒரே நாட்டுக்குள் இரண்டு வரலாறுகள் இருக்க முடியுமா?

இரண்டு ஜெர்மனிகள் இருந்தவரை தாராளமாக. 1953 ஜூன் 17 அன்று கிழக்கு ஜெர்மனியில் தொழிலாளர்கள் வீதியில் இறங்கினார்கள். சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. கிழக்குப் பள்ளியில் அது மேற்கிலிருந்து ஏவிவிட்ட பாசிசச் சதி. மேற்கில் அதே நாள் தேசிய விடுமுறை.

ஹங்கேரியில் இதைவிட விநோதம். 1956 எழுச்சியை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எதிர்ப்புரட்சி என்றே பாடம் நடத்தினார்கள். 1958 ஜூன் 16-ல் தூக்கிலிடப்பட்ட பிரதமர் இம்ரே நாகியை 1989-ல் அதே ஜூன் 16-ல், பெருங்கூட்டம் திரள, மரியாதையோடு மறுஅடக்கம் செய்தார்கள். அந்தக் கல்வியாண்டில் வரலாறு நடத்திய ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். சோவியத் ஒன்றியம் 1988-ல் பள்ளி வரலாற்றுத் தேர்வையே ரத்து செய்துவிட்டது. புத்தகத்தில் இருப்பது பொய் என்று அரசுக்கே தெரிந்துவிட்ட பிறகு எதை வைத்து மதிப்பெண் போடுவது?

எல்லார் பார்வைக்கும் இடம் என்றால், உண்மை என்று ஒன்று இல்லையா?

இருக்கிறது. இந்த முறையைப் பற்றி அதிகம் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

கத்தினையே எடுத்துக்கொள்வோம். 1940-ல் சுமார் 22,000 போலந்து அதிகாரிகளும் கைதிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜெர்மானியர்கள் செய்தது என்று மாஸ்கோ 1990 வரை சாதித்தது. அதை 'சோவியத் பார்வை' என்று பலகையில் ஒரு பத்தியாகப் போட்டு மற்றதோடு சரிசமமாக வைத்தால் அது பாடம் அல்ல. சுட்டது சோவியத் ரகசியப் போலீஸ். உத்தரவுத் தாளே வெளியாகிவிட்டது. மாஸ்கோ சொன்னது பொய். அந்தப் பொய்யை ஏன் அவ்வளவு காலம் தூக்கிச் சுமந்தார்கள் என்பது நல்ல கேள்வி. ஆனால் அது வேறு கேள்வி.

போரில் நொறுங்கிய ஐரோப்பாவுக்கு அமெரிக்கா பண உதவி செய்த மார்ஷல் திட்டம் அப்படிப்பட்டது அல்ல. 1947 ஜூனில் அறிவித்தார்கள், 16 நாடுகள் சேர்ந்தன, சுமார் 1,300 கோடி டாலர் வந்தது. இதில் யாருக்கும் சண்டை இல்லை. செக்கோஸ்லோவாக்கியா முதலில் சரி என்றது, மாஸ்கோவுக்கு அழைக்கப்பட்டது, திரும்பி வந்து வேண்டாம் என்றது. இதிலும் சண்டை இல்லை. அந்த உதவி பெருந்தன்மையா, சந்தை பிடிக்கும் வேலையா, கம்யூனிசத்துக்குப் போட்ட அணையா என்பதில்தான் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு இடத்தில் நிற்கிறது. மூன்றுக்கும் ஆதாரம் காட்ட முடியும். இப்படி ஆதாரத்தோடு நிற்கக்கூடியதுதான் பார்வை.

எண்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். விரட்டப்பட்ட ஜெர்மானியரில் இறந்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல் என்று 1950-களில் மேற்கு ஜெர்மனி சொன்னது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் மிகக் குறைவான கணக்கையே ஏற்கிறார்கள். இங்கே இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பது அபத்தம். யார், எப்படி, எதை எண்ணினார்கள் என்று மாணவர்களை நோண்ட விட வேண்டும்.

ஆசிரியர் தன் சொந்தக் கருத்தைச் சொல்லலாமா?

ஜெர்மனியில் இதற்கு ஒரு புகழ்பெற்ற பதில் உண்டு. 1976-ல் போய்டெல்ஸ்பாக் என்ற சிற்றூரில் அரசியல் கல்வியாளர்கள் கூடி மூன்று விஷயங்களில் உடன்பட்டார்கள். மாணவனை உன் கருத்தால் அமுக்காதே. அறிஞர்களிடையே சச்சரவாக இருப்பது வகுப்பிலும் சச்சரவாகவே தெரியட்டும். தன் நிலைமையைத் தானே அலசிப் பார்க்கும் திறன் மாணவனுக்கு வரட்டும். யாரும் சட்டமாக்காத இந்த மூன்று வரிகள் இன்றுவரை ஆசிரியர் அறையில் மேற்கோள் காட்டப்படுகின்றன. கருத்து சொல்லலாம், அதுவே விடைத்தாளின் விடையாகிவிடக் கூடாது.

அரசுகள் சும்மா இருக்குமா?

இருக்காது. பிரான்சில் 2005 பிப்ரவரியில் வந்த ஒரு சட்டத்தின் நான்காம் பிரிவு, கடல் கடந்த நாடுகளில், குறிப்பாக வட ஆப்பிரிக்காவில், பிரான்சின் நல்ல பங்கைப் பாடத்திட்டம் அங்கீகரிக்க வேண்டும் என்றது. வரலாற்றாசிரியர்கள் கொந்தளித்தார்கள். மறு ஆண்டே அந்த வாசகம் நீக்கப்பட்டது. போலந்து 2018-ல் நாஜிக் குற்றங்களுக்குப் போலந்து தேசத்தைப் பொறுப்பாக்கினால் சிறை என்று சட்டம் போட்டது. ஆய்வுக்கும் கலைக்கும் விலக்கு இருந்தும் உலகம் முழுக்க எதிர்ப்பு வர, சில மாதங்களில் தண்டனைப் பிரிவை எடுத்துவிட்டார்கள். ரஷ்யா 2023 செப்டம்பரில் மேல் வகுப்புகளுக்கு நாடு முழுக்க ஒரே வரலாற்றுப் பாடநூலைக் கொண்டுவந்தது. உக்ரைன் போரை அரசு எப்படிச் சொல்கிறதோ அப்படியே அதில் சேர்த்திருக்கிறார்கள். முதல் இரண்டு இடங்களில் பின்வாங்க வைக்க ஆள் இருந்தது. மூன்றாவதில் இல்லை.

பல பார்வை என்ற பெயரில் ஆளுக்கொரு வகுப்பு வைத்துவிட்டால்?

அதைப் போஸ்னியாவில் செய்துகாட்டிவிட்டார்கள். போஸ்னியப் போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தத்துக்குப் பிறகு சில மாவட்டங்களில் 'ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளிகள்' வந்தன. ஒரே கட்டடத்தில் போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்) பிள்ளைகளும் குரோவாசியப் பிள்ளைகளும் தனித்தனிப் பாடத்திட்டம், பல இடங்களில் தனி வாசல் அல்லது தனி நேரம் என்று படிக்கிறார்கள். இரு பார்வையும் அங்கே இருக்கிறது. ஒன்றை ஒன்று பார்ப்பதே இல்லை. 2016–17-ல் யாய்ட்சே நகரத்தில் இப்படிப் பிரிக்கப் புறப்பட்டபோது எதிர்த்துப் போராடி நிறுத்தியது மாணவர்களே.

இதற்கு நேர் எதிரான முயற்சியும் அதே பால்கனில் உண்டு. தெசலோனிகியை மையமாகக் கொண்ட ஒரு திட்டத்தில் தென்கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் வரலாற்றாசிரியர்கள் சேர்ந்து ஆவணத் தொகுப்புகள் கொண்டுவந்தார்கள். 2016-ல் வந்தவை பனிப்போரையும் 1990-களின் போர்களையும் பற்றியவை. ஒரே கதையாக எழுதினால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்று தெரிந்து, எல்லாத் தரப்பு மூல ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கூட்டுப் பாடநூலைவிட இதுவே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் எண்ணம்.

காலனிகள் எங்கே போயின?

நல்ல கேள்வி, பாடநூல்களில் அடிக்கடி காணாமல் போவது இதுதான். பிரான்ஸ் வெற்றி கொண்டாடிய அதே 1945 மே 8 அன்று அல்ஜீரியாவின் செத்தீஃப் நகரில் வெற்றி ஊர்வலத்தில் அல்ஜீரியக் கொடி தூக்கினார்கள், போலீஸ் சுட்டது. பிறகு நடந்த கலவரத்தில் சுமார் நூறு ஐரோப்பியர்களும், அதற்கு வந்த ஒடுக்குமுறையில் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர்களும் இறந்தார்கள். அல்ஜீரிய அரசின் கணக்கு 45,000. அன்றைய பிரெஞ்சு அதிகாரிகள் சொன்னது ஆயிரத்தை ஒட்டி. பிரிட்டனில் 1945 என்றால் அட்லி அரசு, இலவச மருத்துவம். கென்யாவில் தன் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்க வைத்த முகாம்களில் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கு அதே பிரிட்டன் 2013-ல் வருத்தம் தெரிவித்து இழப்பீடு கொடுத்தது.

நம் பக்கத்திலிருந்து ஒரு தேதி. 1954 அக்டோபர் 18-ல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்று வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் கைமாறியது. அதே நவம்பர் 1 அதிகாலையில்தான் அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கியது. ஒரே நாளில் ஒரே அரசு ஒரு இடத்தில் மேசையில் உட்கார்ந்து ஒப்படைத்தது, இன்னொரு இடத்தில் எட்டு ஆண்டுப் போருக்குள் நுழைந்தது. ஏன்? அல்ஜீரியாவில் சுமார் பத்து லட்சம் ஐரோப்பியக் குடியேறிகள் இருந்தார்கள், சட்டப்படி அது பிரான்சின் பகுதியாகவே கருதப்பட்டது என்பதில் தொடங்கி மாணவர்கள் பதில் தேடட்டும்.

சரி, ஒரு வகுப்பில் இதை நடத்துவது எப்படி?

1968-ஐ எடுங்கள். வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு ஊர் கொடுங்கள். பாரிசில் மே மாதம் மாணவர் கிளர்ச்சி, பொது வேலைநிறுத்தம். பிராகாவில் ஆகஸ்ட் 20 இரவு வார்சா ஒப்பந்தப் படைகள் நுழைகின்றன. வார்சாவில் ஒரு நாடகத்தை அரசு நிறுத்தியதில் தொடங்கி மார்ச்சில் மாணவர் போராட்டம், அதைத் தொடர்ந்து யூத எதிர்ப்புப் பிரசாரம். வட அயர்லாந்தின் டெரியில் அக்டோபர் 5 அன்று சிவில் உரிமை ஊர்வலத்தின்மீது போலீஸ் தடியடி.

முதல் பத்து நிமிடம் ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதட்டும், கருத்து கூடாது. அப்புறம் ஒரே கேள்வி: உங்கள் ஊர் மாணவர் யாரிடம் என்ன கேட்டார்? பாரிஸ் குழு முதலாளித்துவத்தைத் திட்டும். பிராகா குழு, எங்களுக்குப் பத்திரிகைச் சுதந்திரம் இருந்தால் போதும் என்று சொல்லும். பாரிஸ் மாணவர் கையில் பிடித்திருந்த செங்கொடிதான் பிராகா மாணவர்மீது ஏறிய டாங்கியிலும் பறந்தது என்பது யாராவது ஒருவருக்குப் பளிச்சென்று படும். அந்த இடத்தில் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், மிச்ச வகுப்பை அவர்களே நடத்திவிடுவார்கள்.

இன்னொன்று. எந்த நாட்டில் நடத்துகிறீர்களோ அந்த நாட்டுக்குக் கசப்பான பக்கத்தை முதலில் எடுங்கள். பிரான்சில் என்றால் 1961 அக்டோபர் 17, பாரிஸ் போலீஸ் அல்ஜீரிய ஊர்வலத்தினரைக் கொன்ற இரவு. போலந்தில் என்றால் 1946 ஜூலையில் கியெல்சேயில் யூதர்கள் கொல்லப்பட்டது. அடுத்த நாட்டின் அழுக்கிலிருந்து ஆரம்பித்தால் மாணவர்கள் நம்மை நம்ப மாட்டார்கள்.

என் மகள் ஜெர்மனியில் படிக்கிறாள், அண்ணன் மகன் லண்டனில். இருவரும் சந்தித்தால் வரலாற்றுக்கே சண்டை. என்ன செய்வது?

சண்டை போட விடுங்கள், ஆனால் ஆளுக்கொரு புத்தகத்தோடு. இங்கிலாந்தில் 14 வயதுக்கு மேல் வரலாறு விருப்பப் பாடம் என்பதால், அண்ணன் மகனுக்கு 1945-க்குப் பிந்தைய ஐரோப்பா அவ்வளவாக வராமலே போயிருக்கலாம். அதற்காக மட்டம்தட்ட வேண்டாம். 1989 பற்றி இருவர் புத்தகத்திலும் எத்தனை பக்கம் இருக்கிறது என்று எண்ணச் சொன்னாலே பேச்சு வேறு திசைக்குப் போகும்.

அப்புறம் உங்கள் வீட்டிலேயே ஒரு மூல ஆவணம் இருக்கக்கூடும். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து மேற்கு ஜெர்மனிக்கு வந்த தமிழர்களில் கணிசமானோர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, உள்ளூர் ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் போனவர்கள். கிழக்கு தடுக்கவில்லை; மேற்கு நாடுகளோ பெர்லினின் பிரிவுக்கோட்டை நாட்டு எல்லையாகவே ஏற்காததால் அங்கே குடிவரவுச் சோதனை வைக்கவில்லை. பனிப்போரின் இந்தச் சட்டச் சந்து வழியாகத்தான் நம் ஆட்கள் நுழைந்தார்கள். 1985-ல் பான் நகரிலிருந்த மேற்கு ஜெர்மன் அரசு வலியுறுத்தி, வர்த்தகக் கடன் பேச்சும் சேர்ந்துகொள்ள, மேற்கு ஜெர்மன் விசா இல்லாத தமிழர்களை ஏற்றிவருவதைக் கிழக்கு ஜெர்மனி நிறுத்திக்கொண்டது. ஜெர்மன் வகுப்பில் பெர்லின் சுவர் என்றால் கிழக்கிலிருந்து தப்பியோடியவர்களின் கதைதான் வரும். அதே கோட்டைக் கடந்து வந்த பெரியப்பாவோ மாமாவோ வீட்டில் இருந்தால், மகளை ஒரு ஒலிப்பதிவோடு உட்காரச் சொல்லுங்கள். எந்த ரயில், எந்த நிலையம், கையில் என்ன தாள் இருந்தது என்று கேட்கட்டும்.

தேர்வில் இப்படிப் பல பார்வையில் எழுதினால் மதிப்பெண் வருமா?

ஜெர்மனியில் மூல ஆவணத்தை அலசி எழுதும் விடைக்கு வரும். பிரான்சில் கட்டுரை அமைப்பு கெடாமல் எழுதினால் வரும். ஒரு வரி விடை கேட்கும் தேர்வில் வராது. அங்கே மே 8 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.